மல்யுத்தத்துக்கு மார்க் போட்ட மகளுக்கு

கண்ணு,

என் மானத்தை வேறு யாராவது வாங்குவதற்கு முன்னால் நானே வாங்கிவிடுகிறேன். உன் தாய்மாமன் சிங்கப்பூரிலிருந்து அந்த வீடியோ கேம் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்த வாரம், நீ காலேஜுக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், நான் தனியாக உட்கார்ந்து மல்யுத்தம் ஆடினேன். முழுசாக அரை மணி நேரம். சிவப்பு ஜட்டி போட்ட தடியன் என் ஆள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். ஜாய்ஸ்டிக்கை நான் அமுக்க அமுக்க அவன் எதிராளியைத் தலைக்கு மேல் தூக்கித் தூக்கிப் போட்டான். எனக்கு வேர்த்துவிட்டது. இந்த வயதில் இப்படி ஒரு கைவரிசை நமக்குள் இருந்திருக்கிறதே, பம்பு செட் செய்து வீணாகப் போனோமே என்றுகூட நினைத்தேன். காபியோடு வந்த உன் அம்மா கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "ஏனுங்க, அந்த ஒயரச் சொருகவே இல்லீங்களே" என்றாள். குனிந்து பார்த்தேன். ஒயர் என் மடியில் சுருண்டு கிடந்தது. யாரும் ஆடாமல் விட்டால் பெட்டி தானாகவே இரண்டு பேரை மோதவிட்டு வேடிக்கை காட்டுமாம். அரை மணி நேரம் நான் மோதியது என் மடியோடுதான்.

அப்படிப்பட்ட நான்தான் இந்த மாதம் பத்திரிகையில் உன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ பெங்களூர் பஸ் ஏறுகிறாய். அங்கே ஒரு பெரிய கம்ப்யூட்டர் பத்திரிகையில், வீடியோ விளையாட்டுகளை ஆடிப் பார்த்து விமர்சனம் எழுதுவதே உனக்கு வேலை. மூட்டை கட்டுகிற அவசரத்தில் நம் ஊர் மாதப் பத்திரிகைக்கு நீ கட்டுரை தரவில்லை. ஆசிரியர் பட்டறைக்கே வந்துவிட்டார். "பொண்ணு எடம் காலியா இருக்குதுங்க, நீங்களே ஒரு கடுதாசியா எழுதிக் குடுத்துப்போடுங்க. மூணு வருசமா அவ எழுதுனதப் படிச்சவங்க, அவளப் பெத்தவரு என்ன சொல்றாருன்னு படிக்கட்டுமே" என்றார். பத்தாவதோடு நின்றவனிடம் எழுதக் கேட்கிறாரே என்று எனக்குச் சிரிப்பு. அவருக்கும் சிரிப்புதான். நான் அவருக்கு எழுதிய முந்தைய கடிதம் அவருக்கு மறந்திருக்காது. அதற்கு வருகிறேன்.

முதலில் பெயிண்ட் கதை. நம் ஊரின் கணபதிப் பகுதியில் இருக்கும் பட்டறையில் விவசாயக் கிணறுகளுக்கு பம்பு செட் செய்கிறோம் என்பது உனக்குத் தெரியும், படிக்கிறவர்களுக்குத் தெரியாது. நீ எட்டாவது முடித்த கோடை லீவில் உன்னை ஸ்டிக்கர் ஒட்ட உட்கார வைத்தேன். முந்தின வருடம் விற்காமல் நின்றுபோன பச்சைப் பம்புகளுக்கெல்லாம் நீலம் அடித்து, மேலே 'டீலக்ஸ்' என்று ஒரு வெள்ளி ஸ்டிக்கர். நீ நாலைந்து ஒட்டிவிட்டு நிமிர்ந்து கேட்டாய்: "அப்பா, உள்ளுக்குள்ள என்னங்க மாத்துனீங்க?" நான், "கலரு கண்ணு" என்றேன். "கலரு வெளியிலதானுங்க இருக்குது?" என்றாய். "நீ ஸ்டிக்கரக் கோணாம ஒட்டு" என்றேன். அந்த வருடம் அவ்வளவும் விற்றுவிட்டது. உடுமலைப்பேட்டைப் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர் ஒருவர், புது மாடல் என்று நம்பி, நன்றாக ஓடிக்கொண்டிருந்த பழைய பம்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நம்முடையதை மாட்டினார். நான் பெரிய வியாபாரி ஆகிவிட்டதாக நினைத்துக்கொண்டு உங்களுக்கெல்லாம் ஜிலேபி வாங்கி வந்தேன். நீ ஒன்று மட்டும் தின்றாய். வயிறு சரியில்லையோ என்று நினைத்தேன். இப்போதுதான் தெரிகிறது, அன்றைக்கே நீ எனக்கு மார்க் போட்டுவிட்டாய்.

இனி அந்தத் தொண்ணூற்றெட்டாம் வருடத்துத் தீபாவளி. கேபிள் டிவி வந்த நாளிலிருந்து நம் ஊர்ப் பையன்களுக்கு மல்யுத்தம் என்றால் சோறு வேண்டாம், தண்ணி வேண்டாம். வருடத்துக்கு ஒன்றாக வெளிவரும் அந்த மல்யுத்த விளையாட்டு காந்திபுரத்துக்கு எப்போது வரும் என்று காத்துக் கிடப்பார்கள். கொண்டுவருகிறவர் நாச்சிமுத்து மாப்பிள்ளை, உனக்கு மாமன் முறை. அவர் கடையில் கீழே பம்பும் மோட்டாரும், மாடியில் ஆறு டிவி வைத்த கேம் சென்டர். கீழே விற்பதில் பாதி நம் பட்டறைச் சரக்கு. உன் பத்திரிகையின் பின்னட்டையில் மாதாமாதம் வருவது அவருடைய விளம்பரம். ஆகவே புது டிஸ்க் வந்ததும் முதலில் உன்னிடம்தான் கொடுத்தனுப்பினார். "அம்மணி, மூணு நாள் வெச்சு ஆடிப் பாருங்க. நாலு நல்ல வார்த்தையா எழுதுங்க. எத்தன நல்ல வார்த்தைன்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க."

நீ மூன்று நாள் ஆடவில்லை, பதினொரு நாள் ஆடினாய். போன வருடத்து டிஸ்க்கையும் இந்த வருடத்து டிஸ்க்கையும் மாற்றி மாற்றிப் போட்டு, ஒரு நோட்டில் கோடு கிழித்து எழுதினாய். வெளிநாட்டுப் பத்திரிகைகள் இரண்டு ஆசிரியரிடம் வந்திருந்தன. ஒன்று ஆகா ஓகோ என்று நூற்றுக்குத் தொண்ணூறு கொடுத்திருந்தது. இன்னொன்று பாதிகூடக் கொடுக்கவில்லை. ஒரே விடைத்தாளை இரண்டு வாத்தியார்கள் திருத்தி ஒருவர் பாஸ், ஒருவர் பெயில் போட்டால் பையன் யாரைக் கேட்பான் என்று உன்னிடம் கேட்டேன். "பையன் மறுபடி விடைத்தாளத்தாங்க பாக்கோணும், அப்பா" என்றாய். நீ பார்த்தாய். வீரர்கள் மேடைக்கு வரும் அழகு, கூட்டத்தின் இரைச்சல், நமக்கு வேண்டியபடி ஒரு வீரனை நாமே உருவாக்கிக்கொள்ளும் வசதி, எல்லாவற்றையும் மனதாரப் பாராட்டிவிட்டு, கடைசிப் பாராவில் எழுதினாய்: 'எங்கள் வீட்டில் பம்பு செய்கிறோம். போன வருடத்துப் பம்புக்கு நீலப் பெயிண்ட் அடித்து டீலக்ஸ் என்று ஸ்டிக்கர் ஒட்டினால் தண்ணீர் ஒரு சொட்டுகூட அதிகம் வராது. இந்த வருடத்து விளையாட்டும் அந்த டீலக்ஸ் பம்புதான். பத்துக்கு நாலரை.'

பத்திரிகையை நான் டீக்கடையில் நின்று படித்தேன். 'எங்கள் வீட்டில்' என்ற இடத்தில் டீ புரைக்கேறியது.

அந்த வாரம் முழுக்க எனக்குத் தீபாவளிதான், வெடி மட்டும் என் மேல். பையன்கள் ஆசிரியருக்குக் கார்டு கார்டாக எழுதினார்கள். பெண்பிள்ளைக்கு மல்யுத்தத்தைப் பற்றி என்ன தெரியும், கோலப் போட்டிக்கு மார்க் போடச் சொல்லுங்கள் என்று ஒருவன். நாச்சிமுத்து மாப்பிள்ளை மொபெட்டை நிறுத்தக்கூட இல்லை, ஓடிக்கொண்டிருக்கும்போதே பேச ஆரம்பித்துவிட்டார். "மச்சான், மேல மாடியில ஒருத்தனக் காணோம். சரி, போவுதுன்னு கீழ வந்தா, ஒரு கவுண்டரு வந்து நின்னுக்கிட்டு, 'ஏனுங்க, இதுல பெயிண்ட் அடிக்காத பம்பு எதுங்க'ன்னு கேக்கறாரு. உங்க பொண்ணு ஒரே அடியில ரெண்டு மாடியவும் சாச்சுப்போட்டா!" நான் ஏதோ சமாதானம் சொல்லப் பார்த்தேன். "சமாதானமெல்லாம் வேண்டாமுங்க. எழுதுனது தப்புன்னு அடுத்த மாசம் அதே பக்கத்துல வரோணும். இல்லீன்னா பின்னட்டையும் கெடையாது, உங்க பம்பும் என்ற கடையில கெடையாது" என்று சொல்லிவிட்டுப் போனார். பின்னட்டை போனால் பத்திரிகை நிற்கும் என்று ஆசிரியர் கையைப் பிசைந்தார். மன்னிப்பு வந்தால் உன் பேர் போகும். வராவிட்டால் உன் பக்கமே போகும். அதுதான் அன்றைய நிலைமை.

இங்கேதான் கண்ணு, உன் அப்பன் தன் வாழ்நாளிலேயே பெரிய இலக்கியப் பணியைச் செய்தான். பட்டறையில் சாப்பாட்டு நேரத்தில், எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு, உன் பேரில் ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதினேன். எனக்குத் தெரிந்த ஒரே கடிதம் பள்ளிக்கூட லீவ் லெட்டர். ஆகவே அது இப்படி வந்தது: 'ஐயா, வணக்கம். கடந்த சில தினங்களாக எனக்குக் கடுமையான தலைவலியும் காய்ச்சலும் இருந்தபடியால் மேற்படி விளையாட்டைச் சரிவரக் கவனிக்க இயலவில்லை. ஆகவே அந்த நாலரை மார்க்கைப் பெரிய மனது பண்ணி மன்னித்து, எட்டு மார்க்காகத் திருத்தி வெளியிடும்படி தங்களைத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிதலுள்ள,' அதற்குக் கீழே உன் பேர். மடித்து, நானே கொண்டுபோய் ஆசிரியர் கையில் கொடுத்து, பொண்ணு கொடுத்தனுப்பியது என்று பொய்யும் சொல்லிவிட்டு வந்தேன். பதினொரு நாள் உட்கார்ந்து நீ எழுதியதை, இரண்டு இட்லி ஆறுவதற்குள் நான் அழித்துவிடப் பார்த்தேன்.

அடுத்த நாள் நீ பட்டறைக்கு வந்தாய். கத்துவாய் என்று நினைத்தேன், கத்தவில்லை. ஆசிரியர் உன்னிடமே கொடுத்துவிட்ட அந்தக் காகிதத்தைக் கடைசல் மெஷின் மேல் என் முன்னால் விரித்து வைத்தாய். "எழுத்து உங்களுதுங்க. காய்ச்சலு யாருக்குங்கப்பா?" என்றாய். வேலை செய்துகொண்டிருந்தவர்கள் எல்லாம் திடீரென்று ரொம்ப மும்முரமாக வேலை செய்தார்கள். நான், "கண்ணு, நாச்சிமுத்து மாமாவப் பகைச்சுக்கிட்டு..." என்று இழுத்தேன். நீ சொன்னாய்: "அவருகிட்டப் பேசிட்டுத்தாங்க வாரேன். ஞாயித்துக்கெழம பத்து மணிக்கு அவரு மாடியில, எல்லாரும் பாக்க ஆடிக் காட்டறேன்னு சொல்லியிருக்கறேன். உள்ள ஒண்ணுமே மாத்துலீன்னு காட்டறேன். காட்ட முடியலீன்னா இதே காயிதத்துல கையெழுத்துப் போட்டுத் தாரேன். காய்ச்சலும் எனக்கே இருந்துட்டுப் போவுட்டும்." அப்புறம் அதை மடித்து உன் பையில் வைத்துக்கொண்டாய்.

ஞாயிற்றுக்கிழமை நான் வரமாட்டேன் என்று உன்னிடம் சொன்னேன். ஆனால் வந்தேன். உன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு, மாடிப்படிக்குப் பக்கத்துத் தூணுக்குப் பின்னால் நின்றேன். தூணைவிட நான் அகலம் என்பதை அவள் அங்கேயே இரண்டு முறை சொன்னாள். மாடியில் நிற்க இடமில்லை. பாலிடெக்னிக் பையன்கள், கார்டு எழுதியவர்கள், ஆசிரியர், கீழே பம்பு வாங்க வந்துவிட்டு என்ன கூட்டம் என்று ஏறி வந்த இரண்டு விவசாயிகள். நீ மஞ்சள் சுடிதாரில் நடுவே போய் உட்கார்ந்து, "மாமா, டிவிய சனங்க பக்கம் திருப்பிப்போடுங்க. நான் பாக்க மாட்டேன், போன வருசத்து ஞாபகத்துலயே ஆடறேன்" என்றாய். ஒரு பையன், "எங்க மூஞ்சியப் பாத்தே கண்டுபுடிச்சுருவாங்கண்ணா!" என்று கத்தினான். நீ எழுந்து நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாய். கூட்டம் ஓ என்றது. "அக்கா, செவுத்துல ஒண்ணும் தெரியாதுங்க, போன மாச காலண்டருதான் இருக்குது!" என்றான் இன்னொருவன். "அதுலயும் தேதி மட்டும் மாத்தி புதுசுன்னு விப்பாங்க தம்பி, பாத்து வாங்கு" என்றாய் திரும்பாமலே. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தூணைக் கடித்துக்கொண்டேன்.

எதிராளியை நாச்சிமுத்து மாப்பிள்ளையே தேர்ந்தெடுத்தார். இருப்பதிலேயே பெரியவன், மலை மாதிரி ஆள். ஆட்டத்தையும் இருப்பதிலேயே கடினமான நிலையில் வைத்தார். மணி அடித்தது. அடித்த உடனே அந்த மலை உன் ஆளைத் தூக்கி நச்சென்று போட்டது. கூட்டம் கைதட்டியது. நீ கையை எடுக்கவில்லை. மறுபடி ஒரு குத்து. அப்புறம் உன் விரல்கள் ஓடின. உன் ஆள் உருண்டு கயிற்றுக்கு அடியில் மேடையை விட்டு வெளியே விழுந்தான். மலையும் பின்னாலேயே இறங்கியது. பலகை மேல் நடக்கிற சத்தம் தரையில் நடக்கிற சத்தமாக மாறும்வரை நீ காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாய், அதை நான் பார்த்தேன். மாறியதும் உன் ஆள் மேடையைச் சுற்றி ஓடி, மூலையில் இருந்த படிக்கட்டுக்கு அந்தப் பக்கமாக ஏறி, உள்ளே போய் நின்றுகொண்டான். துரத்தி வந்த மலை அந்தப் படிக்கட்டை முட்டிக்கொண்டு நின்றது. கால் நடக்கிறது, ஆள் நகரவில்லை. செக்கில் கட்டின மாடாவது சுற்றி வரும். இவன் அதுகூட இல்லை.

வெளியே போனவன் நடுவர் பத்து எண்ணுவதற்குள் மேடைக்குத் திரும்பாவிட்டால் தோற்றான் என்பது ஆட்டத்தின் சட்டம். நடுவர் எண்ண ஆரம்பித்தார். ஒன்று என்றபோது பையன்கள் சிரித்தார்கள். மூன்றில் சிரிப்பு நின்றது. நாலில் ஒருவன், "டேய், போன வருசமும் இந்த மூலையிலதான்டா மாட்டுவான்!" என்றான். ஐந்திலிருந்து கூட்டமே எண்ணியது. பத்துக்கு அந்த மாடி ஆடியது. கீழே கடையில் மோட்டார் எதுவோ ஓடுகிறது என்று நினைத்ததாகப் பக்கத்து டெய்லர் அப்புறம் சொன்னார்.

"இன்னொருக்கா" என்றார் நாச்சிமுத்து மாப்பிள்ளை. வேறு ஆள், வேறு மைதானம். அதே மூலை, அதே படிக்கட்டு, அதே பத்து. மூன்றாவது முறை நீ நாற்காலியை விட்டு எழுந்து, "மாமா, நீங்க வாங்க" என்று அவரை உட்கார வைத்தாய். டிவியே பார்க்கத் தெரியாது என்று சொல்லும் மனிதர், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, நீ "இப்ப கீழ, இப்ப ஓடுங்க, ஓடுங்க, ஏறுங்க" என்று சொல்லச் சொல்ல அமுக்கினார். ஜெயித்தும்விட்டார். கண்ணைத் திறந்து பார்த்தபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை அவருடைய கல்யாணத்தில்கூட நான் பார்த்ததில்லை. "அட, நானே ஜெயிச்சுப்போட்டேன்னா இது போன வருசத்துச் சரக்கேதானப்பா!" என்று அவரே சொன்னார். கார்டு எழுதிய பையன் ஒருவன் உன்னிடம் வந்து, "அக்கா, நாலரையே ஜாஸ்திங்க" என்றான். "இல்ல தம்பி, அந்தக் கூட்டத்துச் சத்தம் நெஜமாவே நல்லாருக்குது. அதுக்குக் குடுத்த மார்க்க நான் புடுங்க மாட்டேன்" என்றாய். அந்த இடத்தில்தான் ஆசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அடுத்த மாதம் உன் பக்கமும் வந்தது, பின்னட்டையும் வந்தது. பின்னட்டையில் நாச்சிமுத்து மாப்பிள்ளை உன் விமர்சனத்தையே போட்டு, அதற்குக் கீழே 'கண்ணை மூடிக்கொண்டு ஜெயிக்க வாரீர்' என்று விளம்பரம் செய்தார். வியாபாரி என்றால் அவர்.

போன தீபாவளிக்கு வந்த புது விளையாட்டில் அந்த மூலையை அடைத்துவிட்டார்கள். நீ ஒரு வாரம் முட்டி முட்டிப் பார்த்துவிட்டு, 'இந்த முறை உள்ளேயும் கை வைத்திருக்கிறார்கள், எட்டரை' என்று எழுதினாய். மாடிப்படியிலிருந்து ரோடு வரைக்கும் வரிசை நின்றது. "அக்கா எட்டரை குடுத்துருக்காங்கடா" என்று ஒருவன் இன்னொருவனிடம் சொன்னதை என் காதால் கேட்டேன். நாலரை கொடுக்கத் துணிந்தவள் கொடுத்த எட்டரை என்பதால்தான் அந்த வரிசை.

நானும் சும்மா இருக்கவில்லை. அந்தத் தென்னந்தோப்புக்காரரைத் தேடி உடுமலைக்குப் போய், "இது டீலக்ஸ் இல்லீங்க, பழசுதானுங்க" என்று சொல்லி, உள்பாகங்களை மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன். அவர் இளநீர் வெட்டிக் கொடுத்தபடி, "எனக்கு ரெண்டாம் மாசமே தெரியுமுங்க. நீங்க எப்பச் சொல்றீங்கன்னுதான் பாத்துக்கிட்டிருந்தேன்" என்றார். பெயிண்ட் அடிப்பதில் தவறில்லை கண்ணு, இரும்பு துருப்பிடிக்காமல் இருக்கும். பெயிண்ட் அடித்ததைப் புதிது என்று சொன்னதுதான் தவறு. பெங்களூரிலும் உனக்குப் பின்னட்டைக்காரர்கள் இருப்பார்கள், இதைவிடப் பெரிய அட்டையோடு. அவர்களிடம் மரியாதையாகப் பேசு. காபி கொடுத்தால் குடி. மார்க்கை மட்டும் நீயே போடு. திட்டி எழுதும் நாளில் இன்னும் இரண்டு நாள் கூடுதலாக ஆடிப் பார். நன்றாக இருப்பதை நன்றாக இருக்கிறது என்று சொல்ல ஒருநாளும் கஞ்சத்தனம் பண்ணாதே. இதெல்லாம் நீ எனக்குச் சொல்லிக் கொடுத்தது. உனக்கே திருப்பிச் சொல்கிறேன், அவ்வளவுதான். வேளைக்குச் சாப்பிடு. இது உன் அம்மா எழுதச் சொன்னது.

அன்றைக்கு மாடியில் நானும் கூட்டத்தோடு சேர்ந்து தொண்டை கிழிய எண்ணினேன் என்று உன் அம்மா சொந்தக்காரர்களிடம் எல்லாம் பெருமை பேசிக்கொண்டிருக்கிறாள். நீயும் அதை நம்பி, போன வாரம் யாரிடமோ "எங்கப்பாதான் எல்லாத்துக்கும் மேல சத்தமா எண்ணுனாரு" என்று சொன்னாய். நான் எண்ணியது எட்டிலிருந்துதான் கண்ணு. ஏழு சொன்னபோது நீ ஜாய்ஸ்டிக்கை மடியில் வைத்துவிட்டு, வேலை முடித்தவள் மாதிரி துப்பட்டாவில் கையைத் துடைத்துக்கொண்டாய். அதைப் பார்த்த பிறகுதான் என் வாய் திறந்தது. அதுவரைக்கும் தூணுக்குப் பின்னால் நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். நீ தோற்றால் கையெழுத்துப் போடுவாய், மாப்பிள்ளை சமாதானம் ஆவார், பட்டறை ஓடும், எல்லாம் பழையபடி ஆகிவிடும். ஒன்றிலிருந்து ஏழு வரைக்கும், படிக்கட்டை முட்டிக்கொண்டு நின்ற அந்தத் தடியனைப் பார்த்து, வாய்விட்டுச் சொல்லாமல், ஒவ்வொரு எண்ணுக்கும் நான் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது இதுதான்: "உள்ள வந்துருடா சாமி, சீக்கிரமா உள்ள வந்துரு."